கறுப்பு நூல் சுற்றிய செடி

சத்தியம் சார்! ரோட்டில் போகிறவன் காதிலும் விழட்டும், சத்தியம்! தென்காசிக் கோபுரம் இங்கிருந்தே தெரிகிறது, அதைப் பார்த்துச் சொல்கிறேன். போதாது என்றால் இந்தக் கத்திமேல் அடித்துச் சொல்கிறேன். ஐயையோ, அசையாதீர்கள்! பேச்சுக்குத்தான் சொன்னேன், கத்தி உங்கள் கழுத்தில் அல்லவா இருக்கிறது. நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய் என்றாலும் என் கை விழுந்துபோகட்டும். லேசான கை இல்லை இது. ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்த ஓர் ஆளுக்கு, தண்ணீர் தலையில் விழ விழ, உள்ளே நின்றபடியே முகச்சவரம் செய்துவிட்டிருக்கிறேன். கரைக்கு வந்து தாடையைத் தடவிப் பார்த்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரியும். அதை நம்பாவிட்டால் போகிறது. இதை நம்புங்கள்.

மீன்தொட்டிக்குள் ஏன் துண்டை மடித்து வைத்திருக்கிறேன் என்றுதானே கேட்டீர்கள்? சீசனுக்கு வந்தோமா, அருவியில் நின்றோமா, பார்டர் புரோட்டா சாப்பிட்டோமா, ஊருக்குப் போனோமா என்றிருக்காமல் இதைப் போய்க் கேட்டுவிட்டீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் சாரல் தொடங்கின சமயம். அப்போது இந்தக் கடையில் நாங்கள் இரண்டு பேர். நான், குற்றாலிங்கம். பக்கத்து நாற்காலியில் என் மச்சினன் ஆவுடையப்பன். என் சம்சாரம் உலகம்மாளோடு பிறந்த தம்பி. மீசை அரும்பும் முன்னாலேயே என்னிடம் வந்தவன். கத்தி பிடிக்கவும் கத்தரி பிடிக்கவும் நான்தான் காட்டிக்கொடுத்தேன். வாய் பேசாத ஆள். பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் "ம்" என்று வரும். பேசாத ஆளைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் எப்படியோ, என் அபிப்பிராயம், பேசாதவன் எதையோ அடக்கி வைத்திருக்கிறான் என்பது. நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், என் வயிற்றில் என்ன இருக்கிறதென்று ஊருக்கே தெரியும். அவன் வயிற்றில்?

வருகிறவர்கள் அவன் நாற்காலிக்குத்தான் காத்திருப்பார்கள். என் நாற்காலி காலியாகவே இருந்தாலும், "இல்ல அண்ணாச்சி, அவசரமில்ல, ஆவுடையண்ணன் முடிச்சிட்டு வரட்டும்" என்று பேப்பரைப் பிரிப்பார்கள். பேப்பர் படிக்கிற ஆசைதான். நம் ஊரில் வாசிப்புப் பழக்கம் அதிகம்.

அப்படிக் காத்திருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கத்தான் மீன்தொட்டி வாங்கினேன். நாலைந்து தங்கமீன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் செடி. அந்தச் செடி சாயம் விட்டு, தங்கமீனெல்லாம் பச்சை மீனாகிவிட்டது சார். கிளி மாதிரிப் பச்சை. ஒரு மீன் கிளி மாதிரியே தலையைச் சாய்த்துப் பார்க்கவும் ஆரம்பித்தது. சரி, உயிருள்ள செடியாகவே வைத்துவிடுவோம் என்று, ஆவுடையப்பனைக் கூட்டிக்கொண்டு மைதீன் பிச்சை கடைக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் மீனும் லவ் பேர்ட்ஸும் தொட்டிச் செடிக்கு உரமும் விற்கிறான். சின்னப் பையனாக இருந்ததிலிருந்து என்னிடம்தான் முடிவெட்டிக்கொண்டவன். இப்போது வழுக்கை.

"மாமா, ஒமக்கு ஏத்த செடி ஒண்ணு இருக்கு" என்று தண்ணீருக்குள் கைவிட்டு எடுத்துக் காட்டினான். நீளநீளமாகக் கரும்பச்சை இலை. கீழே விரல் தடிமனில் படுத்தவாக்கில் ஒரு தண்டு. தண்டிலிருந்து பூனை முடிபோலக் கறுப்பு வேர். ஜாவா பெரணி என்றான். ஜாவா என்றால் எனக்குத் தெரிந்தது மோட்டார் பைக். நம் அருவிப் பாறையிடுக்கில் முளைக்கிற பெரணிக்குச் சொந்தக்காரச் செடியாம்.

"மண்ணு வேண்டாம், உரம் வேண்டாம், வெயில் வேண்டாம். தங்கமீனும் இதைத் திங்காது, கசக்கும். ஒரு கல்லுமேல வச்சுக் கட்டி உள்ள போட்டுட்டு நீரு மறந்துரலாம். சோம்பேறிகளுக்குன்னே ஆண்டவன் படைச்ச செடி" என்றான்.

சோம்பேறி என்றதைக்கூட விட்டுவிட்டேன். எனக்கு உறுத்தினது வேறு. ஒரு வியாபாரி, தன் வாயாலேயே, அது வேண்டாம் இது வேண்டாம் என்கிறான். உரம் விற்கிற கடையில் உட்கார்ந்துகொண்டு உரம் வேண்டாம் என்கிறான். எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மண்ணில் நடாமல் வளர்கிற செடி, ஒன்றும் கேட்காத செடி! சம்சாரத்தைத் தவிர ஒன்றும் கேட்காமல் வளர்வது உலகத்தில் எது சார்? அப்போதே தெரிந்துவிட்டது, இதில் ஏதோ இருக்கிறது என்று. திரும்பிப் பார்த்தால் ஆவுடையப்பன் கண்ணை இமைக்காமல் கேட்டுக்கொண்டு நிற்கிறான். "தண்டு மண்ணுக்குள்ள போகக் கூடாதோ?" என்று ஒரு கேள்வி வேறு கேட்டான். இத்தனை வருஷத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி. எனக்கு உறுத்துமா உறுத்தாதா?

கடைக்கு வந்தேன். நான் ஏமாறுகிற ஆளா? தொட்டிக் கூழாங்கல்லைத் தோண்டி, தண்டு முழுவதும் மறைகிற மாதிரி ஆழமாகப் புதைத்தேன். அடியில் உரமும் போட்டேன். என்ன உரமா? இந்தக் கடையில் எதற்குப் பஞ்சம்? முடிதான். தென்னைக்கு முடி போட்டால் குலை தள்ளும் என்று மூட்டை மூட்டையாக வாங்கிப் போகிறார்கள். தென்னைக்கு ஆவது பெரணிக்கு ஆகாதா? நல்ல கருகருவென்ற இளவட்ட முடியாகப் பார்த்து ஒரு கைப்பிடி வைத்தேன். அந்த வாரமே ஒரு மீனுக்கு மீசை முளைத்தது சார். சிரிக்காதீர்கள், கன்னத்தில் கோடு விழுந்துவிடும். மேல்நோக்கி முறுக்கின மீசை. தண்ணீர் கலங்கியிருந்ததால் சரியாகத் தெரியவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், எனக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு லீவு. புதன்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்குகிறேன். தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது. முடியைக் காணோம். செடி? நான் புதைத்த இடத்தில் இல்லை! நடுவில் இருந்த கல்லின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வேரெல்லாம் வெளியே.

முதலில் நான் யார்மேலும் சந்தேகப்படவில்லை. செடி தானாக ஏறியிருக்கும் என்றே நினைத்தேன். அருவிப் பக்கத்துச் சொந்தம் அல்லவா, கல்லைக் கண்டால் ஏறத்தான் செய்யும். மறுபடி புதைத்தேன். அடுத்த புதன்கிழமை மறுபடி கல்மேல். ஆவுடையப்பனிடம் கேட்டேன்.

"மாப்ளே, இந்தச் செடி என்னல நடந்து போவுது?"

"நடக்கல அத்தான். நான்தான் எடுத்து வச்சேன். புதைச்சா தண்டு அழுகிப்போயிரும்."

கேட்டீர்களா? அழுகிப் போயிரும் என்கிறான். காலை நேரம், கல்லாவில் இன்னும் போணி ஆகவில்லை, கடைக்குள் நின்றுகொண்டு அழுகிப் போயிரும் என்கிறான். நல்ல எண்ணம் உள்ளவன் வாயில் அந்த வார்த்தை வருமா? "நீ ஒன் சோலியப் பாரு, செடி வைக்கது எனக்குத் தெரியும்" என்று சொல்லி, அவன் கண் முன்னாலேயே இன்னும் ஆழமாகப் புதைத்தேன். "ம்" என்றான்.

அதற்குப் பிறகு இலையெல்லாம் ஒரு மாதிரி ஆயிற்று. அடிப்பக்கத்தில் பொட்டுப்பொட்டாகக் கறுப்புப் புள்ளி. வரிசையாக, யாரோ மையால் வைத்த மாதிரி. இலை நுனியில் குட்டி இலை, அதற்குக் குட்டி வேர். இலைக்கு இலை பிறக்கிறது சார்! மைதீன் பிச்சையிடம் கேட்டால், "அது அப்படித்தான் மாமா குட்டி போடும், நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று சிரிக்கிறான். சிரிப்பே சரியில்லை. ஆவுடையப்பன் ஒவ்வொரு குட்டியையும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறான். எனக்குத் தெரியாமல் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்னவோ ஓடுகிறது என்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு புதன்கிழமை. இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது. பயப்படாதீர்கள், கத்தியை எடுத்துவிட்டேன். அன்றைக்குச் செடி கல்மேல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கல்லோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கறுப்பு நூலால். சுற்றிச்சுற்றி, இறுக்கி, அடியில் முடிச்சுப் போட்டு.

நீங்கள் டவுன்காரர், உங்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரு வேர், அதைக் கறுப்பு நூலால் கல்லோடு கட்டி, தண்ணீருக்குள் போட்டால் அதற்கு என்ன பெயர்? செய்வினை சார், செய்வினை! ஆளைக் கட்டுவது, தொழிலைக் கட்டுவது. கூடவே தலைமுடி வேறு. முடி நான் போட்டதுதான், இருந்தாலும் கணக்குச் சரியாக வருகிறதா இல்லையா?

அதே ஈரத்தோடு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு மை போட்டுப் பார்க்கிற பால்பாண்டியிடம் போனேன். வெற்றிலையில் மையைத் தடவி உற்றுப் பார்த்தான். நான் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கடையில் மச்சினன் ஒருத்தன் இருக்கிறான், அவனிடம் இன்னொரு சாவி இருக்கிறது, செவ்வாய்க்கிழமை வருகிறான், நூல் கட்டுகிறான் என்பதை மட்டும்தான் சொன்னேன். என்ன ஞானம் சார் அவனுக்கு! கண்ணை மூடிக்கொண்டு, "செஞ்ச ஆளு ஒம்ம கூட இருக்கவன்தான். ஒம்ம வீட்டுப் பொம்பள வழிச் சொந்தம். சாவி வச்சிருக்கான்" என்றான். எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

ஆனாலும் நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. கண்ணால் பார்க்காமல் ஒருத்தன்மேல் பழி போடலாமா? கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் எதிர்த்த டீக்கடையில் மறைந்து உட்கார்ந்தேன். குல்லாய், கூலிங் கிளாஸ், கழுத்தைச் சுற்றி மஃப்ளர். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. டீ போடுகிற சண்முகவேல் மட்டும், "என்ன குத்தாலிங்கண்ணே, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டான். அவன் கொஞ்சம் கூர்மையான ஆள். அப்புறம் பால்காரன் கேட்டான். அப்புறம் பஸ்ஸில் போன ஒருத்தன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணாச்சி, என்ன வேசம்?" என்று கூவிவிட்டுப் போனான்.

ஆவுடையப்பன் வந்தான். பாதி ஷட்டரைத் தூக்கி உள்ளே போனான். குடத்தில் பிடித்துவைத்த தண்ணீரைத் தொட்டியில் மாற்றினான். கூழாங்கல்லை அலசினான். அப்புறம் தளர்ந்திருந்த நூலை அவிழ்த்துச் செடியைக் கையில் எடுத்தான். சார், அவன் உதடு அசைகிறது! பத்துக் கேள்விக்கு ஒரு "ம்" சொல்கிற ஆள், செடியைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டே இருக்கிறான். தலையை வேறு லேசாக ஆட்டுகிறான். மந்திரம்! பாட்டு முணுமுணுத்தால்கூட அப்படித்தான் இருக்கும் என்று சண்முகவேல் சொன்னான். ஆவுடையப்பன் பாடி நான் கேட்டதில்லை. என் பேச்சுச் சத்தத்தில் கடையில் யார் பாட முடியும்?

அதுவரைகூடத் தாங்கிக்கொண்டேன். அப்போது தெருமுனையிலிருந்து ஒரு பொம்பளை குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்து, குனிந்து கடைக்குள் நுழைந்தாள். உலகம்மாள். என் சம்சாரம். வீட்டில் ரவிக்கைக்குக் கொக்கி தைக்க வைத்திருக்கிற நூல்கண்டை மடியிலிருந்து எடுத்தாள். கறுப்பு. ஒரு முழம் இழுத்து, பல்லால் கடித்து, தம்பி கையில் கொடுத்தாள். அவன் கட்ட, இவள் முடிச்சுமேல் விரலை வைத்துப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் தொட்டிக்குள் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? என் காசில் வாங்கின தொட்டி முன்னால் நின்று, எனக்குத் தெரியாமல் சிரிக்கிறாள்.

டீ ஆறிப்போயிற்று. சண்முகவேல் வேறு டீ போட்டுக் கொடுத்தான். அதுவும் ஆறிப்போயிற்று.

வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள் அல்லவா? தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஏன் ஒரு மாதிரி இருக்கீக?" என்று அவளாகவே கேட்டாள். எப்படிப்பட்ட நடிப்பு பாருங்கள். அவள் முதல் வாய் சாப்பிட்ட பிறகுதான் நான் கை வைத்தேன். அதையும் கவனித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சீசன் ஞாயிறு என்றால் தெரியுமே, பெஞ்சில் இடமில்லாமல் வாசல் வரை ஆள் நிற்கிறது. எல்லாரும் ஆவுடையப்பனுக்குத்தான் பேப்பர் படிக்கிறார்கள். பெஞ்சில் ஒருத்தர், "இந்தச் செடி நல்லா வளந்திருக்கே, பாக்கக் குளுகுளுன்னு இருக்கு" என்றார். ஆவுடையப்பன் கண்ணாடியில் அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அவ்வளவுதான். எனக்கு உச்சிவரை ஏறிவிட்டது. தொட்டிக்குள் கையை விட்டேன், கல்லோடு செடியைப் பிடுங்கினேன், எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்தேன்.

"யார் தொழிலக் கட்டுததுக்குல இந்தக் கட்டு? சோறு போட்ட கைக்கா? சொல்லுல! இத்தனை பேரு முன்னால சொல்லு!"

பெஞ்சில் பேப்பர்களெல்லாம் கீழே இறங்கின. அவன் நாற்காலியில் ஒருத்தர் பாதிச் சவரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆவுடையப்பன் என்னைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். "அத்தான், அது செடி" என்றான். அவ்வளவே. அப்புறம் திரும்பி, அந்த ஆளுக்கு மீதிச் சவரத்தைச் செய்தான். ஒரு கீறல் இல்லை. படிகாரம் தடவினான், ஈரத்துண்டால் ஒற்றினான், பவுடர் போட்டான். துண்டை உதறி மடித்து வைத்தான். கத்தியைக் கழுவித் துடைத்து என் பக்கத்து மேஜையில் வைத்தான், அது நான் வாங்கிக்கொடுத்தது. தன் சீப்பை மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். "வாரேன் அத்தான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். நான் கல்லை ரோட்டில் வீசினேன். அவன் குனிந்து பொறுக்கிக்கொண்டு நடந்தான். குற்றம் செய்யாதவன் எதற்குத் தடயத்தைப் பொறுக்குகிறான்? இதை நான் பல பேரிடம் கேட்டுவிட்டேன், எல்லாரும் பேச்சைத்தான் மாற்றுகிறார்கள்.

மத்தியானம் உலகம்மாள் வந்தாள். கையில் தூக்குச்சட்டி. சாப்பாடு என்று நினைத்தேன். காலிச் சட்டி. தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு அதில் ஊற்றினாள். மீன்களை ஒவ்வொன்றாக டம்ளரால் பிடித்து உள்ளே விட்டாள். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

"ஏளா, என்ன செய்யுதே?"

"இதுகளையும் நாளைக்குச் சந்தேகப்படுவீக. அதான் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க போற?"

"தம்பி வீட்டுக்கு. லீவு நாளு கூடப் படுக்காம, நீங்க அழுக விட்ட செடியை வாரா வாரம் வந்து காப்பாத்துனான். அவனுக்கு நீங்க வச்ச பேரு செய்வினைக்காரன். நான் பொங்குன சோத்தை, நான் தின்னு காட்டுன பொறவு தின்னீக. எனக்கு வச்ச பேரு என்னன்னு நான் கேக்கல. நீங்களாச் சொல்லாண்டாம்."

குடையை விரித்தாள். தூக்குச்சட்டி தளும்பாமல் நடந்து போனாள். அவளுக்கு எவ்வளவு ஆழமாகச் செய்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. என் உலகம்மாள் அவ்வளவு நீளமாகப் பேசுகிறவளே இல்லை.

நாலு நாளில் வந்துவிடுவாள் என்று இருந்தேன். ஒரு வருஷமாகப் போகிறது. பெண்பிள்ளைக் கோபம், தணிய வேண்டாமா?

ஆவுடையப்பன் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டுவிட்டான். பார்த்தீர்களா, கடை போடுகிற திட்டம் முதலிலேயே இருந்திருக்கிறது. நான் துரத்தினதால்தான் போட்டான் என்று ஊரில் சொல்கிறார்கள், துரத்துவேன் என்று தெரிந்து வைத்திருந்தானே, அதைச் சொல்லுங்கள். அங்கே நல்ல கூட்டம். என்னிடம் பிறந்தமுடி எடுத்த குழந்தைகள்கூட இப்போது மீசையோடு அங்கே போய் உட்காருகிறார்கள். மைதீன் பிச்சைக்குத் தலையில் ஒன்றும் இல்லை, அவனும் போகிறான். அட, மை போட்ட பால்பாண்டி போகிறான் சார்! "என்னல, கட்டுப் போட்டவன் கடைன்னு நீதானல சொன்னே?" என்று மறித்துக் கேட்டேன். "அண்ணாச்சி, சொல்லுதது தொழில். முடி வெட்டுதது வேற" என்று போய்விட்டான்.

அந்தச் செடி அங்கேதான் இருக்கிறதாம். சண்முகவேல் பார்த்துவிட்டு வந்து சொன்னான். ஒரு கல் இப்போது பல கல்லாகிவிட்டதாம். தொட்டி நிறையக் காடு மாதிரி மண்டிக்கிடக்கிறதாம். நூலைக் காணோமாம், வேரே கல்லைப் பிடித்துக்கொண்டதாம். நூலை ஏன் எடுத்தான்? வேலை முடிந்துவிட்டது, எடுத்துவிட்டான். என் கடையைப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் ஒருத்தர். கட்டு பலிக்கவில்லை என்று இனி யாராவது சொல்லட்டும்.

என்ன சார், வாயைத் திறக்கிறீர்கள்? பொறுங்கள், உதட்டுக்கு மேல் ஒரு இழுப்பு இருக்கிறது. ஆயிற்று. இப்போது சொல்லுங்கள்.

ஓகோ. கல்லில்தான் கட்ட வேண்டுமா? எல்லாரும் நூலால்தான் கட்டுவார்களா? கறுப்பு நூல் என்றால் கண்ணுக்குத் தெரியாது என்று... உங்கள் வீட்டிலும் இருக்கிறதா? தண்டைப் புதைத்தால் அழுகுமா? அடியில் கறுப்புப் பொட்டு வருமா, இலையில் குட்டி வருமா? உங்கள் வீட்டில் யார் கட்டினார்கள்? நீங்களேவா?

ம்.

எந்த ஊர் என்று சொன்னீர்கள்? விருதுநகரா? மைதீன் பிச்சை மகளைக் கட்டிக்கொடுத்தது விருதுநகரில்தான். இல்லை, சும்மா சொன்னேன். ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். இவ்வளவு கடை இருக்கும்போது நீங்கள் ஏன் நேராக இங்கே வந்தீர்கள்? வந்ததும் தொட்டியைப் பற்றி ஏன் கேட்டீர்கள்? யாராவது அனுப்பினார்களா? கோபப்படாதீர்கள் சார், கேட்கிற உரிமை எனக்கு இல்லையா?

நீங்கள் சொல்வது நிஜம் என்றே வைத்துக்கொண்டால், நான் அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அவனை... இல்லை, இல்லை. அப்படி இருக்காது. தலையைக் குனியுங்கள், பிடரியில் மிஷின் போட வேண்டும்.

சாப்பாட்டுக்கு எனக்குக் குறை ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் ஷட்டர் கொக்கியில் ஒரு டிபன் கேரியர் தொங்குகிறது. தினமும். யார் வைக்கிறார்கள் என்று தெரியாது. நான் உள்ளே கையலம்பப் போகிற நேரம் பார்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள். விஷமாக இருக்குமோ என்று முதலில் வாசல் நாய்க்குப் போட்டுப் பார்த்தேன். நாய் கொழுத்துவிட்டது. பிறகு நானே சாப்பிடத் தொடங்கினேன். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். துவையலில் ஒரு பல் பூண்டு கூட இருக்கும். யாருடைய கைப்பக்குவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆதாரம் இல்லாமல் ஒருத்தர் பெயரைச் சொல்வது என் வழக்கம் இல்லை.

முடிந்தது சார். கண்ணாடியில் பாருங்கள். என்ன, வலது கிருதாவும் இடது கிருதாவும் ஒன்றுபோல இல்லையா? நல்ல கண் உங்களுக்கு. இடது பக்கம் கொஞ்சம் மேலே தூக்கித்தான் எடுத்துவிட்டேன். கை தவறவில்லை. தெரிந்தேதான் செய்தேன். கத்தாதீர்கள், காசு வேண்டாம்.

இதைச் சரிசெய்ய இந்த ஊரில் ஒருத்தனால்தான் முடியும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், வாசலில் நீலப் பலகை. போய் உட்காருங்கள், பார்த்தவுடனே உச்சுக்கொட்டுவான். யார் கை என்றும் தெரிந்துகொள்வான், ஆனால் கேட்கமாட்டான். அவன் பக்குவமாக எடுத்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் மெதுவாகக் கண்ணாடி வழியாகப் பெஞ்சைப் பாருங்கள். ஒரு அம்மாள் இருப்பாள், மூக்குத்தி போட்டிருப்பாள், மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பாள். இளைத்திருக்கிறாளா என்று பாருங்கள். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்திருந்தால் வாசனை வரும், வருகிறதா என்று பாருங்கள். வேவு என்று நினைக்காதீர்கள், எதிரிக் கடையின் நிலவரம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பார்த்துவிட்டு, யாரையும் பார்த்துச் சொல்லாமல், பொதுவாகச் சொல்கிற மாதிரி, 'சீசன் முடியப்போகுதே, ஒரே குடும்பத்துக்கு இந்த ஊரில் ரெண்டு கடை எதுக்குன்னு வெளியே பேசிக்கிடுதாங்க' என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். அவன் "ம்" என்பான். அவன் விட்டாலும் அவள் விடமாட்டாள். தீனி போடுகிற கையை நிறுத்திவிட்டு, யாரு பேசிக்கிடுதா என்று கேட்பாள். கட்டாயம் கேட்பாள் சார். நீங்கள் ஊருக்குப் புதுசு, டீக்கடையில் காதில் விழுந்தது, ஆளைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.